பின்னால் நின்றவன்

முனியன் ஜீப்பிலிருந்து இறங்குவதில்லை, குதிப்பான். நாற்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். புதூர்நாட்டில் புளியும் பலாவும் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையைச் சுற்றி இறங்கி வருபவன், வீட்டு வாசலில் வண்டி நின்றதும் குதிப்பான். கால் தரையைத் தொட்டதும் உடம்பு தானாக இன்னொரு முறை எழும்பும்.

“இன்னாய்யா, இன்னும் வாலிபால் ஆடறோம்னு நெனப்பா?” என்பாள் மனைவி திரௌபதி.

நினைப்புதான். அது அவனை விட்டுப் போகவில்லை.

அடிவாரத்து ஏரியை ஒட்டிய திடலில்தான் அவன் எகிறக் கற்றான். செருப்பில்லாத கால். வெயில் மலைக்குப் பின்னால் சரியும்போது சுண்ணாம்புக் கோடு மட்டும் பளிச்சென்று தெரியும். எதிராளி அடிக்கப்போகிறான் என்று எகிறி, ஏமாந்து, இறங்கிய அதே மூச்சில் மறுபடி எகிறுவான். இரண்டாம் எகிறல் முதலாவதைவிட உயரமாக இருக்கும். இறங்கி, நின்று, நிதானித்துக் குதித்தால் அந்த உயரம் வராது. தரைதான் தன்னைத் தூக்கிவிடுகிறது என்று நினைத்தான். காலனிப் பையனை அந்த ஊரில் வேறு எதுவும் தூக்கிவிட்டதில்லை.

தரை யாருக்கும் எதையும் தருவதில்லை. குதிகாலுக்கு மேலே விரல் பருமனில் ஒரு தசைநாண் இருக்கிறது. விழுகிற உடம்பின் வேகத்தை அது ரப்பர் போல இழுபட்டு வாங்கி வைத்துக்கொள்கிறது. உடனே எகிறினால் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். நின்றுவிட்டால், வாங்கியதைத் தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடி ஒரேயடியாக அதில் இறங்காமல் காக்கும். ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று அது முளைப்பதில்லை.

அணியில் காலனிக்காரன் அவன் ஒருவன்தான். அடித்து ஆடுகிறவன் சிங்காரம், ஊர்த்தெரு. இருவரும் ஒரே சைக்கிளில் செங்கம் வரை பந்தயத்துக்குப் போனவர்கள். மேட்டில் சிங்காரம் மிதிப்பான்; முனியன் பின்னால் உட்கார்ந்து கிண்டலடிப்பான். அந்தச் சிரிப்பையெல்லாம் ஒரு காணும் பொங்கல் முடித்துவைத்தது.

இறுதி ஆட்டம். சிங்காரம் பந்தை அடித்துவிட்டு இறங்கி, மறுபடி எகிறக் காலை ஊன்றினான். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். “எவன்டா ஒதச்சது?” என்று அலறிக்கொண்டே திரும்பி விழுந்தான். பின்னால் நின்றவன் முனியன்.

“நான் தொடவே இல்லண்ணா!”

“ஒதை வாங்குனவன் சொல்றான், நீ இன்னாடா இல்லன்ற?” என்றது கூட்டம்.

யார் உதைத்தது என்ற கேள்விக்கு ஊரிடம் பதில் தயாராக இருந்தது. சாட்சி தேவைப்படவில்லை, தெருவின் பெயர் போதுமானதாக இருந்தது. சிங்காரத்தின் காலுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள், டாக்டரிடம் காட்டவில்லை. குற்றவாளி கையில் கிடைத்த பிறகு காரணத்தை எவன் தேடுவான்? சிங்காரம் நொண்டியானான். முனியன் ‘ஒதச்சான் முனியன்’ ஆனான். அதன்பின் காலனிக்காரன் எவனும் அந்தத் திடலில் ஆடவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் பந்தயம் நடந்தது. நடத்தியது சிங்காரம். முனியன் வழக்கம்போல ரோட்டோரம் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தான். காலை ஆட்டத்தில் சிங்காரத்தின் அக்கா மகன் நவீன்குமார் சர்வீஸ் போட ஓடிவந்து எகிறினான். இறங்கினான். அதே சத்தம்.

“யார்ரா என்ன ஒதச்சது?” என்று கத்தித் திரும்பினான். பின்னால் கோடும் வெறும் மண்ணும்தான் இருந்தன. ஊரே பார்த்தது.

பக்கத்தில் நின்றது முனியனின் ஜீப். நவீன்குமாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிங்காரமும் ஏறிக்கொண்டான். டாக்டர் நதியா கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் அசையவில்லை.

“குதிகாலுக்கு மேல இருக்கற குதிநரம்பு அறுந்துபோச்சு.”

“பின்னாலேருந்து எவனோ ஒதச்ச மாதிரியே இருந்துச்சுங்க மேடம்.”

“இது அறுந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. யாரும் ஒதைக்க வேணாம். இழுத்த ரப்பர் அறுந்தா சுளீர்னு அடிக்கும்ல? அதான்.”

முனியன் சிங்காரத்தைப் பார்த்தான். சிங்காரம் சுவரைப் பார்த்தான்.

நவீன்குமாரை அங்கே வந்துசேர்ந்த அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு, மதியம் இறுதி ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். பாதி வழியில் சிங்காரம் மெல்லச் சொன்னான்: “முனியா, எதையும் மனசுல வெச்சுக்காத.”

முனியன் வண்டியை ஓரம் கட்டினான். “என் மனசுல இன்னா கீது? நீ சொன்னது ஊர் வாயில கீது. அத எடு. மைக்குல சொல்லு.”

“ஆட்டம் நடக்கற நேரத்துல எப்பிட்றா...”

“ஆட்டம் நடக்கற நேரத்துலதான என்னச் சொன்ன?”

முனியன் மறுபடி வண்டியை எடுத்தான்.

திடலுக்கு வந்ததும் சிங்காரம் மைக்கை வாங்கினான். “அன்னிக்கு முனியன் என்ன ஒதைக்கல. நரம்பு தானா அறுந்துச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றான். இளவட்டங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வயதானவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருத்தர்கூட முனியனைப் பார்க்கவில்லை.

சிங்காரம் மைக்கை வைக்காமலே கேட்டான்: “ஒரு ஆள் கொறையுது முனியா. எறங்கறியா?”

முனியனின் கெண்டைக்கால் ஒரு கணம் துடித்தது. ஏரிக் காற்று, சுண்ணாம்புக் கோடு, அந்த இரண்டாம் எகிறல் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின.

“எங்க தெருவுல நல்லா எகிறுற பசங்க நாலு பேர் கீறானுங்க. அவனுங்களக் கூப்புடு” என்றான் உரக்க. “நான் எறங்கி நரம்ப அறுத்துக்கினா, எவன் ஒதச்சான்னு சொல்லுவ?”

கூட்டம் சிரித்தது. சிங்காரம் சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடியே, காலனிப் பக்கம் திரும்பிக் கூப்பிடத் தொடங்கினான்.