எல்லாம் கழிஞ்ஞு

அந்தக் காலத்தில் செங்கோட்டையைத் தாண்டிவிட்டால் எங்களுக்கு அது வேறு நாடு. தென்காசியிலிருந்து தெரிகிற அதே மலைதான். ஆனால் அந்தப் பக்கம் பேச்சு வேறு, சோறு வேறு. என் தங்கையை ஆரியங்காவுக்குக் கீழே தென்மலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு அங்கே மரக்கடையில் வேலை. எங்கள் வீட்டில் யாருக்கும் மலையாளம் தெரியாது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில் நான் தறியில் இருந்தேன். நூல் சிப்பம் எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"கொல்லத்துல இருந்து வந்த ரயில்ல ஒரு எலுமிச்சங்கா வியாபாரி. வண்டி நகந்த பொறவு உன் தங்கச்சி பேரைச் சொல்லிக் கத்துதாரு. 'எல்லாம் கழிஞ்ஞு, வேகம் வரான் பற'ன்னாரு. சீக்கிரம் வரச் சொல்லுதாரு போல. வேற ஒண்ணும் காதுல விழல."

"எல்லாம் கழிஞ்சு போச்சா?" என்று உம்மா ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு சுவரோடு சரிந்துவிட்டாள். தங்கை நிறைமாதமாக இருந்தாள். முதல் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிது. அதனால் எங்களில் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றவில்லை. தெருப் பெண்கள் வந்து உம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அடக்கம் செய்வதை எங்களில் தாமதிக்க மாட்டார்கள். அடுத்த ரயில் சாயங்காலம்தான். பக்கத்து வீட்டுக்காரரே போய், குற்றாலத்துக்கு சீசன் ஆட்களை ஏற்றுகிற வாடகைக் கார் ஒன்றைக் கூட்டி வந்தார்.

"மையித்து முகம் பாக்கணும் அண்ணாச்சி. அடக்குறதுக்குள்ள கொண்டு சேத்திரும்" என்று எனக்காக அவரே டிரைவரிடம் சொன்னார்.

"ஏறும் பாய்" என்றார் டிரைவர். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ புது ஆளிடம் பேச நா எழாது.

புளியரை தாண்டி மலை ஏறியபோதே கார் வளைவுகளில் சறுக்கியது. மேலே செக்போஸ்ட்டில் அரிசி கடத்துகிறோமா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்தார்.

"அரிசியா? அவரு கண்ணைப் பாரும்வே. துக்கத்துக்குப் போறாரு" என்றார் டிரைவர். கதவு சாத்தப்பட்டது.

இறக்கம் தொடங்கியதும் அவர் இன்ஜினை அணைத்தார். எனக்குத் திக்கென்றது. அவராகவே சொன்னார்: "இறக்கத்துல அதுக்கு என்ன வேலை? எப்பவும் இப்படித்தான் இறங்குவேன். பயப்படாதியும்."

கார் சத்தமே இல்லாமல் ஓடியது. ஈர ரோட்டில் டயர் உரசுவதும் கீழே ஆறு இரைவதும் மட்டும் கேட்டன. வேகம் கூடிக்கொண்டே போயிற்று. 'மெதுவா' என்ற ஒரு சொல் என் தொண்டை வரை வந்து வந்து திரும்பியது. மெதுவாகப் போனால் அவளை மண்ணுக்குள் வைத்துவிடுவார்களே. முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கலிமா சொன்னேன்.

ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே நின்றது. டிரைவர் ஏறி மிதித்தார். பிரேக் பிடித்தும் கார் நிற்கவில்லை, சுழன்றது. கண்ணாடிக்கு வெளியே மர உச்சிகள்தான் தெரிந்தன, அடிமரம் தெரியவில்லை. பிறகு ஏதோ கல்லில் இடித்து நின்றது. பின்சக்கரம் ஒன்று ரோட்டுக்கு வெளியே இருந்தது.

லாரிக்காரர்கள் தள்ளிவிட்டார்கள். டிரைவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்த்தார். சாரலில் தீக்குச்சி அணைந்து அணைந்து போயிற்று.

"யாருக்குய்யா துக்கம்?"

"தங்கச்சி. நிறைமாசம்."

"தந்தி வந்துதா?"

அப்போதுதான் அந்த வார்த்தைகளை அவரிடம் சொன்னேன், கேட்டபடியே. பீடி அவர் கையிலிருந்து விழுந்தது.

"கழிஞ்ஞுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்வே. பிரசவம் கழிஞ்ஞு, கல்யாணம் கழிஞ்ஞு, சாப்பாடு கழிஞ்ஞும்பான். பேறுகாலம் ஆன வீட்டுக்கா என்னை இந்த ஓட்டு ஓட்ட வச்சீரு?" சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆனா எது முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது பாய். எதுக்கும் மனசைத் தேத்தி வச்சுக்கிடும்."

மிச்ச வழியில் அவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. கார் ஊர்ந்தது. இந்த வழி தீராமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். போய்ச் சேராதவரை அவள் உயிரோடு இருந்தாள்.

மச்சான் வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே சுக்கு வாசம் அடித்தது. தங்கை பாயில் படுத்திருந்தாள், பக்கத்தில் துணிச் சுருளாக ஒரு பெண்குழந்தை. அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கே? உம்மா வரலையா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கியது. அங்கே உம்மாவைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். இந்நேரம் இறந்தவளுக்காக யாசீன் ஓதத் தொடங்கியிருப்பார்கள். வெளியே ஓடினேன். டிரைவர் வண்டியைத் திருப்பி வைத்திருந்தார்.

"நீரு இரும். நான் போய்ச் சொல்லுதேன். அந்தத் தாயி அதுவரைக்கும் தாங்கணும்லா" என்றார்.

அன்றைக்கெல்லாம் தொண்டையில் நின்ற சொல் அப்போது வாய்க்கே வந்துவிட்டது. மெதுவாகப் போங்கள் அண்ணாச்சி என்று சொல்ல வேண்டும். உம்மா சுவரோடு சரிந்தது கண்முன் வந்தது. சொல்லவில்லை.

கார் ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. சத்தம் ஓயும்வரை மழையில் நின்றேன். மேட்டைத் தாண்டி அந்தப் பக்க இறக்கத்தில் அவர் மறுபடியும் இன்ஜினை அணைப்பார் என்று எனக்குத் தெரியும்.