லிஃப்ட்காரன் ஏறிய மலை

என் தங்கச்சி வீட்டுக்காரன் லிஃப்ட் மெக்கானிக். நானும் அதே வேலைதான், ஒரே கம்பெனி. பதினெட்டு வருஷமாக லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, கயிறும் கிரீஸுமாகப் பிழைக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன், ஒன்பதாவது மாடியில் அவன் பெட்டிமேல் கால் வைத்ததும் அது திடுதிப்பென்று அரை மாடி இறங்கிவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பிரேக்கைப் பிரித்து மேய்ந்தோம். குறை ஒன்றும் இல்லை. அதுதான் அவனை அரித்தது. அப்புறம் பெட்டிமேல் ஏறச் சொன்னாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான்.

"திங்கட்கிழமை ஏறு, இல்லேன்னா ஸ்டோர்ல போய் உக்காரு" என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இவன் அங்கே உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மாதம் ஒரு தடவை ஏறாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பாதி வழியில் பாறைச் சரிவு. ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்தி, ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் அதன்மேல் நின்றான்.

"என்ன மாப்ளே, ஒவ்வொரு கல்லுகிட்டயும் அனுமதி கேட்டுட்டுதான் போவியா?"

"வாய மூடிட்டு நட மச்சான். நான் விழுந்தா உன் தங்கச்சிக்கு நீயா பதில் சொல்லுவே?"

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒடுக்கமான பாறை விளிம்பு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. அங்கே நின்றுவிட்டான். திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"மச்சான், அன்னிக்கு நான் ஸ்டாப் சுவிட்ச அழுத்தல."

பெட்டிமேல் ஏறுமுன், வெளியே நின்றபடியே குனிந்து அந்தச் சுவிட்சை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் கீழே யாராவது பட்டனைத் தொட்டதும் பெட்டி கிளம்பிவிடும். வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருவது. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போயிருக்கும் என்று அவனும் நம்பினான், நாங்களும் நம்பினோம்.

"நெசமாவா?"

"இங்க ஒவ்வொரு கல்லா பாத்து வர்றேன்ல, அன்னிக்கு செஞ்சதையும் ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்தேன். போன் பேசிட்டே கால வெச்சுட்டேன். கை சுவிட்ச் பக்கமே போகல."

"அறிவிருக்காடா உனக்கு?"

"அன்னிக்கு இல்ல. ஆனா லிஃப்ட்ல பேய் இல்லேன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு."

விளிம்பைக் கடந்தான். பாறையை ஒட்டிக்கொண்டு, அடி மேல் அடி வைத்துத்தான் கடந்தான். உச்சிக்குப் போய்த்தான் தண்ணீர் குடித்தான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் ஒளிக்காமல் சொன்னான். அவர் கிழித்த கிழியில் வேலைக்குப் போன கட்டடமே வேடிக்கை பார்த்தது. முடிகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, "இப்ப ஏறட்டுமா சார்?" என்றான்.

அவர் லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவியை நீட்டினார்.