கொழுந்தில் கலந்த முற்றிய இலை

பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது எங்கள் மலையூர் கட்டபெட்டில் வீட்டுக் கறவை மாட்டை விற்றோம். சைவக் குடும்பம்; பாலும் தயிரும் நின்று, கடுந்டீயும் வர்க்கி ரொட்டியுமே பல வேளை சாப்பாடானது. மனைவியின் நாக்கு சிவந்து புண்ணானது. டீயின் சூடு என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவள் பறித்த கொழுந்தில் முற்றிய இலை கலந்து வந்தது. எடை கூட்டத்தான் என்று திட்டினேன். ஒரு மாலை, எங்கள் தோட்டத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "ஏனுங்க, நம்ம ஊட்டுக்கு எப்படிங்க போறது?"

மருத்துவர் முதலில் நாக்கைப் பார்த்தார். "பி12 சத்தே இல்லைங்க. மூளை வரைக்கும் போயிருச்சு, அதான் இலையும் வழியும் பிரிச்சுத் தெரியல. இன்னும் விட்டிருந்தா பழையபடி திரும்பியிருக்காதுங்க."

ஊசி போட்டுத் தேறினாள். பாலும் தயிரும் இப்போது தவறுவதில்லை. கூடையில் முற்றிய இலை கண்டால் நான் திட்டுவதுமில்லை.

"நாக்க நீட்டு, புள்ள" என்கிறேன்.