ஒரு நாளைக்கு ஒரு நல்லது

"நன்றி காக்கா. மீனுக்கு நன்றி. ஐஸ் நல்லாப் போட்டுக் கொண்டந்ததுக்கும் நன்றி."

மீன்காரர் றஸாக், மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய ரெஜிபோம் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு கூச்சத்தில் வேறு பக்கம் பார்க்கிறார். கல்முனைத் தெருக்களில் இருபது வருடமாக மீன் விற்கிறவர், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். விலை கூட என்று ஏசுவார்கள், செவிளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நன்றி சொல்கிற வாடிக்கைக்காரி இவள் ஒருத்திதான்.

"இந்த மனிசி நன்றி சொன்னா எனக்குப் பயமா இரிக்கி," என்றார் ஒருநாள் என்னிடம். "நிறுவையில பிழ விட்டுட்டனோ எண்டு ரெண்டாந்தரம் நிறுத்துப் பாக்கன்." நிறுத்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கீரிமீனை அள்ளிப் போடுவார். அதற்கும் ஒரு நன்றி விழும்.

அவளுடைய சொந்தப் பெயர் சோதன்பரி. இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மிசோரம் என்ற மலைநாட்டில் பிறந்தவள். கணவர் போதகர். அங்குள்ள மிஷன் ஒன்று எட்டு வருடங்களுக்கு முன் இருவரையும் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகள் மாபூயியையும் சேர்த்து இங்கே அனுப்பிவைத்தது. போதகருக்கு டவுனில் ஒரு சின்னச் சபை. இவளுக்கு, காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துக் கை மொழி சொல்லிக்கொடுக்கும் ஓர் அறை. குடியிருப்பது எங்கள் ஒழுங்கையில், சீனிமுகம்மது காக்காவின் வளவுக்குள் உள்ள பின்வீட்டில்.

காக்காவின் மனைவி, எங்கள் எல்லோருக்கும் அக்காவான சுபைறா ராத்தாவுக்கு முதல் நாளே அந்தப் பெயர் நாக்கில் ஏறவில்லை. "சோதன்... சோதின... எனக்கு வராது கா. பரீதா எண்டு வெச்சிக்குவம்," என்றாள். அன்றிலிருந்து ஒழுங்கை முழுவதற்கும் அவள் பரீதாதான். போதகர் 'பாதர்' ஆனார், மாபூயி 'மாபு' ஆனாள். தான் பாதர் இல்லை, தனக்கு மனைவி பிள்ளை உண்டு என்று போதகர் விளக்கிப் பார்த்தார். "அதால என்ன, பாதர்?" என்று கேட்டார்கள். விட்டுவிட்டார்.

முகவாக்கைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் "சீனாக்காரி" என்று பின்னால் ஓடிய காலம் ஒன்று இருந்தது. "நான் இந்தியா," என்பாள். "இந்தியாவா? மறுகா ஏன் ஒனக்குத் தமிழ் தெரியா?" என்று மடக்குவார்கள். அதற்குப் பதில் சொல்ல வழியில்லாமல்தான் தமிழ் படித்தாள். புத்தகத்தில் படித்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். றஸாக்கிடமும் பாண் வண்டிக்காரரிடமும் சுபைறா ராத்தாவிடமும் படித்தாள். விளைவு, மட்டக்களப்பில் நடந்த ஒரு பெரிய சபைக் கூட்டத்தில் மைக்குக்கு முன்னால் போய் நின்று, புழுக்கத்தில் "வெக்க தாங்கேலா, அல்லாஹ்வே!" என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள். போதகர் அவசரமாகத் தண்ணீர் குடித்தாராம்.

ராத்தா ஒருமுறை அவளிடம், "உங்கட ஊர்ல ஆகலும் ருசியான கறி என்ன புள்ள?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். பரீதா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், நெடுநேரம் யோசித்தாள். "மூங்கில் குருத்து, ராத்தா," என்றாள் கடைசியில். அந்தக் குருத்தோடு அவர்கள் வழக்கமாக எந்த இறைச்சியைச் சேர்த்துச் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ராத்தாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

பரீதாவின் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பொழுதுபட மஹ்ரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் சாப்பிட உட்காருவார்கள். அன்று நடந்த நல்லது ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. நல்லது சின்னதாக இருக்க வேண்டும். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததை மாபு சொன்னபோது, "அது பெரிசு. சின்னதாச் சொல்லு," என்று பரீதா தள்ளிவிட்டாள். பக்கத்து மேசைக்காரி றிப்னா பென்சில் சீவித் தந்தாள் என்ற பிறகுதான் சோறு கிடைத்தது. போதகர் கெட்டிக்காரர். பின்நேரம் கடற்காற்று வந்தது என்று மூன்று நாள் தொடர்ந்து சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள், "காத்த உடுங்க. வேற பாருங்க," என்று உத்தரவு வந்தது.

இவையெல்லாம் குசினி யன்னல் வழியாக ராத்தாவுக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். "சோறு ஆறுது, இதுகள் கதச்சிக்கிட்டு இரிக்குதுகள்," என்பாள். நன்றி விஷயத்தில் அவளுக்கு உண்மையாகவே கோபம். கறிக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் பரீதா நன்றி சொல்ல, "நன்றிய நீயே வெச்சிக்க, கோப்பயத் தா," என்று பிடுங்கிக்கொள்வாள். "பக்கத்து ஊட்டுக்காரிக்கு ஆரும் நன்றி சொல்லுவாங்களா? சொன்னா அந்தோட முடிஞ்சிரும் கா."

மிஷனுக்கு மாதாமாதம் கடிதம் போக வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன வேலை நடந்தது என்று போதகர் இரண்டு பக்கம் எழுதுவார். அடியில் பரீதா நாலு வரி சேர்ப்பாள். எருமைத் தயிர்ச் சட்டி உடையாமல் வீடு வந்தது. நாலு மணிப் பாண் சுடச்சுடக் கிடைத்தது, அந்த நேரம் கரண்டும் இருந்தது. மலையில் உள்ள பெண்கள் போதகரின் இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு நேரே தயிர்ச் சட்டிக்குத்தான் வருகிறார்களாம். போதகரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பில் சின்ன வருத்தமும் இருந்தது.

எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் நாடு தவித்த அந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மிஷன் அவர்களைத் திரும்பி வரச் சொன்னது. மாபுவின் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றாள் பரீதா. பரீட்சை தள்ளிப்போனது, பிறகும் தள்ளிப்போனது. வேறு காரணம் தேடும் சிரமம் அவளுக்கு இருக்கவில்லை.

அப்படி நின்றதற்கு அந்த யூலையிலேயே விலை கொடுத்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு காலையில் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி முடித்தாள். திரும்ப முதலிலிருந்து கூட்டத் தொடங்கினாள்.

"என்ன புள்ள, ஒரு முத்தத்த எத்தின தரம் கூட்டுவாய்?" என்றாள் ராத்தா யன்னலில் இருந்து.

"உம்மா மௌத்து, ராத்தா," என்றாள். ஊரில் தாய் இறந்த செய்தியைச் சொல்லிக்கொண்டும் கூட்டுவதை நிறுத்தவில்லை.

ராத்தா இறங்கி வந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். ஒரு மணித்தியாலத்துக்குள் நாங்கள் ஐந்து பெண்கள் அந்த வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டோம். விமான நிலையம் போக வாகனம் இல்லை. இருந்தாலும் மலைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். அங்கே மறுநாளே அடக்கம். பரீதா அழவில்லை. எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றப் போகிறேன் என்று எழும்பினாள். பிடித்து இருத்தினோம்.

"உம்மாக்கு என்ன வயசி? கடசியா என்ன சாப்பிட்டா?" ராத்தா எதையும் விடாமல் விசாரித்தாள். "ஆரு குளிப்பாட்டின?"

"தெரியாது, ராத்தா."

"தெரியாதா? மறுகா கேளு கா."

எனக்கு ராத்தாவின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. பரீதா போனை எடுத்துத் தங்கையிடம் கேட்டாள். மறுமுனையில் சொல்வதை எங்களுக்காக வரி வரியாகத் தமிழில் திருப்பினாள். தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் குளிப்பாட்டினார்களாம். தலையைச் சீவி முடிந்துவிட்டார்களாம். "அங்க மழயாம். சுடுதண்ணி வெச்சாங்களாம். உம்மாக்குக் குளிர் ஒத்துக்காது எண்டு சுடுதண்ணி..." அதற்கு மேல் திருப்ப முடியவில்லை. அப்போதுதான் அழுதாள். ராத்தா போனை வாங்கி, விளங்காத மொழியில் அழுதுகொண்டிருந்த அந்தத் தங்கைக்கு, "ஓம் மகள், ஓம் ஓம்," என்று தானே பதில் சொன்னாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. எங்கள் வீடுகளிலிருந்து சாப்பாடு போனது. எங்களுக்கும் எரிவாயு கிடையாது. பச்சை விறகை ஊதி ஊதி ஒழுங்கை முழுக்கப் பெண்களுக்குக் கண் சிவந்திருந்தது.

மூன்றாம் நாள் பொழுதுபட, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு நானும் ராத்தாவும் போனோம். போதகர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். ராத்தா மூன்று பீங்கான் தட்டில் சோறு போட்டுவிட்டுப் பரீதாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். யாரும் கை வைக்கவில்லை. மாபு தாயைப் பார்த்தாள். போதகர் வாயைத் திறந்தார். காற்றுக்கூட வராத நாள் அது. மூடிக்கொண்டார். பரீதா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்தா இருமினாள்.

"இண்டைக்குக் காஞ்ச விறகு கெடச்சிச்சி," என்றாள். "பூவரசம் விறகு. ஒரு ஊதுல பத்திக்கிச்சி."

மாபு மெதுவாக, "அது சின்னதுதான். சரி," என்றாள்.

பரீதாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி தொடங்கி வேறாகப் போனது. கைக்கு எட்டிய ராத்தாவின் சாரித் தலைப்பை இழுத்து, அதில் சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

"அல்லாஹ்வே, பெருநாளைக்கி எடுத்த சாரி புள்ள இது!" என்று கத்தினாள் ராத்தா. கத்திக்கொண்டே, முக்காடு நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி, தலைப்பு இன்னும் நன்றாக எட்டட்டும் என்று அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.