சாவி அவர் பையில் இருந்தது

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் கம்பெனியில் பூட்டுக்காரர் என்று பெயர். பூட்டு விற்கிறவரும் இல்லை, செய்கிறவரும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைப் பழுது பார்க்கிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன் மேலே மெஷின் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் கம்பெனி அவரவருக்குக் கொடுத்த பூட்டைப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. அந்தச் சாவி போட்டவரின் பையிலேயே இருக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறு யாராவது கரண்டைப் போட்டுவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. இந்த விஷயத்தில் இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார். பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். வேலை முடிந்து கழற்றியதும் பூட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டி ஒரு தட்டுத் தட்டுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன் இன்னொரு தட்டு. கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் இருக்கிறேனா என்று ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பீர்களா என்று கேட்டால் சிரிப்பார்.

நாங்கள் நாட்டை விட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து லிஃப்டுகளை இவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கைராசி. ஆனால் வேலை வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் இருக்குமா போகுமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே ஒரு கம்பெனி கூப்பிட்டதும் கிளம்பிவிட்டோம். ஐந்து வருடம், அதற்குள் ஒரு வழி செய்துகொண்டு திரும்பிவிடலாம் என்பது பேச்சு. ஐந்து பத்தானது, பத்து பதினைந்தானது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கிறேன். இந்த நாட்டில் பாதிப் பேருக்குக் கடையில் வாங்கும் கால்சட்டை பொருந்துவதில்லை, அதனால் என் பாடு நடக்கிறது.

திரும்புவோம் என்பதை எங்கள் வீட்டில் என்னைவிட, அவரைவிட அதிகம் நம்பியவர் என் கொழுந்தனார். ஊரில் தன் வீட்டு மாடியில் எங்களுக்கென்று ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்பதில் அண்ணனும் தம்பியும் ஒரு வருடம் மல்லுக்கு நின்றார்கள். தெருப் பக்கம் வேண்டும் என்பார் இவர். வெயில் அடிக்கும் என்பார் அவர். அடிக்கட்டும், எவ்வளவு வருடமாயிற்று அந்த வெயில் பட்டு என்று இவர் சொன்ன நாளில்தான் சண்டை முடிந்தது. ஜன்னல் தெருப் பக்கமே வந்தது.

அப்புறம் இவருடைய முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. லிஃப்டுக்குக் கீழே ஒரு குழி உண்டு. அதில் ஏணி வைத்து இறங்க வேண்டும், ஏற வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. இரண்டு வருடம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வேலை போனால் எங்கள் விசாவும் போகும். உட்கார்ந்து பார்க்கிற சூப்பர்வைசர் வேலை இருந்தது. ஆனால் விமான நிலையத்துக்கும் அரசாங்கக் கட்டடங்களுக்கும் போய்வரும் வேலை அது. குடிமக்களுக்கு மட்டும்தான் அனுமதி அட்டை. இந்த நாட்டுக் குடிமகனாக வேண்டும் என்றால் பழைய குடியுரிமையை விட்டுவிட்டதாகச் சான்று கொண்டு வா என்பார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள இவர்களும் விடமாட்டார்கள், அவர்களும் விடமாட்டார்கள். இரண்டு மாமியாருக்கு நடுவில் மாட்டிக்கொண்டது போல.

இரண்டு தடவை அந்த வேலை வந்து வேறு ஆளுக்குப் போனது. மூன்றாவது தடவை மேனேஜரே கூப்பிட்டு, இந்த வருடமாவது செய்துகொள் என்றார். பழையதை விடுவதற்கான விண்ணப்பம் என் தையல் மெஷின் இழுப்பறையில் எட்டு மாதம் கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம் மென்று விழுங்குவார். நானும் சும்மா இருக்கவில்லை, வாய் ஓயாமல் திட்டினேன். குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்தால் தேசத்தைத் தூக்கிக் கட்டுப் போட முடியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"நான் மட்டும் விட்டுடறேன். நீ வெச்சுக்கோ. நம்மள்ல ஒருத்தராவது யாரையும் கேக்காம ஊருக்குப் போய் வரணும்."

என் வேலைக்கு எந்த அட்டையும் தேவையில்லை. சரி என்றேன்.

எங்கள் நாட்டுத் தூதரகத்தில் தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆயிற்று. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். லீவு போடுங்கள் என்றேன். ஒரு மணி நேர வேலைதான், முடித்துவிட்டு அப்படியே போகிறேன் என்று காலையில் ஒரு எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். மதியம் பன்னிரண்டு மணிக்கு என் கடைக்குப் போன் வந்தது. அவருடைய கம்பெனி. உன் புருஷன் எங்கே என்றார்கள். கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, மெயின் சுவிட்சில் இவர் பூட்டுத் தொங்குகிறது, ஆள் இல்லை. பூட்டை அறுக்கலாம் என்றால், உள்ளே எவரும் இல்லை என்று பொறுப்பாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் வெளியூரில். ஐந்தாவது மாடி அம்மா ஒருத்தர் மருந்து வாங்கப் போய்விட்டு மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருக்கிறாராம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூதரக வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எப்படிச் சொல்வது?

நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. உள்ளே வரிசையில் உட்கார்ந்திருந்த மனுஷன் எதற்கோ கால்சட்டைப் பைக்குள் கையை விட்டிருக்கிறார். சாவி தட்டுப்பட்டிருக்கிறது. அவர் டோக்கன் நாற்பத்தொன்று; பலகையில் முப்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டே பேர். எழுந்து வந்துவிட்டார். பஸ் பிடித்துப் போய், ஓடாத லிஃப்டைத் திறக்க அந்த முழங்காலோடு எட்டு மாடியும் படியேறி, பூட்டைக் கழற்றியிருக்கிறார். இறங்கும்போது லிஃப்டில்தான் இறங்கினார் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரை உட்காரக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத் தொழிலில் ஒரு நாள்கூடப் பூட்டை மறக்காதவர், இன்றைக்கா மறப்பீர்கள்? அடுத்த தேதிக்கு யார் காலில் விழுவது? அந்த வேலை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்குமா? அவர் முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் மெதுவாகச் சொன்னார்.

"வேணும்னு விடல. சத்தியமா மறந்துட்டேன். ஆனா பையில கைய விட்டேன் பாரு, சாவி இருந்துது. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா?"

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் இன்னும் கொஞ்சம் வெந்நீர் வைத்தேன்.

கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. சூப்பர்வைசர் வேலை மூன்றாவது முறையும் வேறு ஒருவருக்குப் போனது. இன்னும் ஒரு வருடம் குழியில் இறங்கி ஏறினார். இரண்டு தடவை முழங்காலிலிருந்து நீர் எடுத்தார்கள். ஏணியின் கடைசிப் படியில் கால் மடங்கி விழுந்து பத்து நாள் படுத்த பிறகு, அவராகவே இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்தார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. வேண்டாம், என்ன ஆனாலும் ஊருக்கே போய்விடலாம் என்று நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். வீட்டு வாசலிலேயே நிறுத்தி, பைகளைக் காட்டச் சொன்னேன். கைக்குட்டை, சீப்பு, பஸ் அட்டை. சாவி இல்லை. "பரிசோதனை முடிஞ்சுதா, இன்ஸ்பெக்டரம்மா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். நம் மொழியில்தான் பேசினார். ஒரு தாளை நீட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று ஒரு வரி இருந்தது. அந்த இடத்தில் இவர் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். குமாஸ்தாவும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி அதன் மூலையை வெட்ட வேண்டும், அதுதான் முறையாம். கத்தரிக்கோல் மழுங்கல். அட்டை மடிந்ததே தவிர வெட்டுப்படவில்லை. திருப்பி வைத்து மறுபடி வெட்டினார், அப்போதும் பாதியில் நின்றது. நாள் முழுக்கக் கத்தரிக்கோலோடு மாரடிக்கிறவள் நான். என் கை பரபரத்தது. இப்படி நறநறவென்று கடித்துக் குதறுவதற்குப் பதில் என்னிடம் கொடுத்திருந்தால் ஒரே வெட்டில் வெட்டியிருப்பேன். நினைத்த மறு விநாடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது முறையில் மூலை விழுந்தது. அந்தச் சின்ன முக்கோணத்தை இவர் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்.

புதிய குடியுரிமை கைக்கு வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. வாங்க, ஊர் பேர் தெரியாதவரே, இங்கே எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று வேலை முடிந்து வரும்போதெல்லாம் நான் கேலி செய்வேன். சாப்பாடு நன்றாக இருந்தால் தங்கலாம் என்பார். வேறென்ன செய்வது? அழுதுகொண்டே எத்தனை நாள் இருக்க முடியும்?

சூப்பர்வைசர் ஆனார். நாற்காலி, மேஜை, கழுத்தில் அனுமதி அட்டை. முழங்கால் பிழைத்தது. சூப்பர்வைசருக்குப் பூட்டுத் தேவையில்லை என்று முதல் நாளே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன் பழக்கத்தில் இடுப்பைத் தட்டினார். அட்டைதான் ஆடியது. நான் பார்க்காதது போல் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருடம் ஊருக்குப் போக லீவு கிடைத்தது. எனக்கு டிக்கெட் எடுத்தால் போதும். இவருக்கு விசா வேண்டும். இவர் என் வீட்டில் விருந்தாளியாகத் தங்குகிறார், நானே பொறுப்பு என்று ஊரில் இருக்கும் ஒருவர் எழுதித் தர வேண்டும். கொழுந்தனாருக்குப் போன் செய்து சொன்னோம். எங்கே திட்டப்போகிறாரோ என்று இவர் போனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அதுல உறவு என்னன்னு ஒரு கட்டம் இருக்குமா? அண்ணன்னு போட்டுக்கலாம் இல்ல?"

போட்டுக்கலாம்டா என்றார் இவர். அதோடு போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

விமானம் காலை ஒன்பது மணிக்கு இறங்கியது. ஜன்னல் வழியே தென்பட்ட ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார், நான் என்னவோ வெளியூர்க்காரி மாதிரி. உள்ளே நடந்து வந்தோம். ஒரு இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இந்நாட்டவர் என்று ஒரு பலகை, வெளிநாட்டவர் என்று ஒரு பலகை. இத்தனை வருடமாக இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு சேர்ந்தே போன வரிசைக்குத்தான் அவர் கால் போனது. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஓ, ஆமாம் என்று அந்தப் பக்கம் போனார்.

எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவர் வரிசை மெதுவாக நகர்ந்தது. தொப்பியும் கேமராவுமாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு நடுவில், கடவுளே, என் வீட்டுக்காரர் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடம் அவருடைய நாற்காலியும் வேண்டாம், மேஜையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவரை என் வரிசைக்கு விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

அவர் முறை வந்தது. கவுன்ட்டரில் ஒரு இளம்பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே நம் மொழியில் கேட்டாள். "எத்தன நாள் தங்குவீங்க?"

இவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரியாதா? படிவத்தில் அவரே எழுதியது. அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு பாஸ்போர்ட்டின் அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, இவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதே கேள்வியை நாங்கள் வேலை பார்க்கும் நாட்டின் மொழியில் நிதானமாக, மரியாதையாகத் திருப்பிக் கேட்டாள்.

"இருபத்தொரு நாள்மா," என்றார் இவர், நம் மொழியில். "லீவு அவ்வளவுதான் குடுத்தாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பாஷை நல்லா பேசுறீங்களே."

அவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"கொஞ்சம் வரும்மா," என்றார்.

அவள் முத்திரையைக் குத்தி, எங்கள் நாட்டுக்கு நல்வரவு என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை அவரிடம் நீட்டினாள்.