லண்டன் ஓடும் வீடு

பிரான்சில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கணவர் லண்டனில் இருப்பார். உடம்பு மட்டும் எங்கள் சோபாவில் கிடக்கும். கண்ணும் காதும் பிரித்தானியத் தொலைக்காட்சியில். அங்கே கேக் சுடும் போட்டி நடக்கும். கேக் நடுவில் அமுங்கிவிட்டது என்று வளர்ந்த மனிதர்கள் அழுவார்கள். இவரும் உச்சுக் கொட்டுவார். கால் கடுக்க வந்து நிற்கிறவளுக்கு ஒரு தேநீர் போட ஆளில்லை, கேக்குக்குத் துக்கம் கொண்டாட ஆளிருக்கிறது.

கேக் முடிந்தால் அரசியல். "இந்தாள் கனநாள் நிண்டு பிடிக்காது, பார்" என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பிரதமரையும் பார்த்துச் சொல்வார். அநேகமாக அது பலித்தும்விடும். அன்றைக்கு முழுக்க, அவரே போய் இறக்கிவிட்டு வந்தது போல ஒரு பெருமை. அந்த ஊரில் ரயில் பிந்துவது, பல் வைத்தியருக்காகக் காத்துக் கிடப்பது, மழை, எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எனக்குப் பிடித்தது வீடு வாங்க அலைகிறவர்களைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றுதான். அதிலும் மூன்று அறை காணாதென்று முகம் சுளிக்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் ஒரு கூடமும்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய அக்கா லண்டனில். எங்கள் ஆட்கள் பலரும் செய்தது போல, பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, அந்தக் கடவுச்சீட்டோடு லண்டனில் போய்க் குடியேறுவதுதான் திட்டம். அங்கே போனால் ஆங்கிலம் வேண்டுமே என்று தொலைக்காட்சியைப் போட்டவர், குடியுரிமைக்கு முதலில் பிரெஞ்சு வேண்டும் என்பதை விட்டுவிட்டார். வேலையும் பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயில், தமிழர் நடத்தும் மொத்த வியாபாரக் களஞ்சியத்தில்; அங்கே பிரெஞ்சுக்குத் தேவையே இல்லை. குடியுரிமைக்கான நேர்முகத்தில் வாய் திறக்காமல் திரும்பி வந்தார். என்னுடையதும் விலையும் நிறமும் சொல்கிற கடைப் பிரெஞ்சுதான். அதற்குள் பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலக, அந்தக் கதவும் சாத்தியாயிற்று. தொலைக்காட்சி மட்டும் நிற்கவில்லை.

இங்கே பிரான்சில், போன தேர்தலுக்கு முந்தின நாள். வெளிநாட்டவர்களை அனுப்ப வேண்டும் என்கிறவர்கள் வெல்லக்கூடும் என்று கடையில் எல்லோருக்கும் பயம். எங்கள் இருவரின் பத்து வருட விசாவும் புதுப்பிக்கிற வருடம் அது. இங்கே பிறந்த மகளுக்குக் குடியுரிமை இருக்கிறது. அவளுக்கு அது முதல் வாக்கு.

"அப்பா, நான் ஆருக்குப் போட?" என்று கேட்டாள்.

"லண்டனிலை எண்டால்..." என்று இவர் தொடங்கினார்.

வழக்கமாக எங்களுக்குப் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிறவள், எழுந்து போய்த் தொலைக்காட்சியை மறைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இந்த வீட்டிலை வோட் இருக்கிறது எனக்கு மட்டும்தான். அவங்கள் வெண்டால் உங்கட விசாவுக்கும் அம்மாட விசாவுக்கும் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ?"

இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "சரி பிள்ளை, இஞ்சை ஆர் ஆர் நிக்கினம்?"

இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்துவிட்டு, முதல் தடவையாகக் கேட்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். இரண்டு வசனத்தில் தமிழ் தீர்ந்து பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எங்களை இங்கே இருக்க விடுவார்களா என்பதைத்தான் எங்கள் பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.