இரண்டும் இடது கை

கோட்டுக்கு வெட்டிய இரண்டு கைகளுமே இடது கையாக இருந்தன. கட்டிங் மாஸ்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பாட்டிலோடு குடித்தனம் நடத்திய காலத்தில்கூட அவர் இப்படி ஒரு கூத்து அடித்ததில்லை. மிச்சத் துணியில் இன்னும் ஒரே ஒரு கைதான் வரும்.

கடை அவர் மனைவியுடையது. அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"ஊதுங்க."

காப்பி வாசம்தான் வந்தது. ஆனால் அவருக்குக் கண் சொருகியிருந்ததே!

"வாசமே வராத சரக்கு எதுவும் வந்திருக்கா?"

"அப்படி ஒண்ணு இருந்திருந்தா, அத்தனை வருஷம் உங்கிட்ட எதுக்குத் திட்டு வாங்கினேன்?"

அவள் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னும் மோந்து பார்க்கிறாளே என்று அவருக்கு மனசு விட்டுப்போனது.

பொத்தான் தைக்க உட்கார்ந்தவரை ஒரு கேள்வி குடைந்தது. கை நடுக்கத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த புது மாத்திரையைக் காலையில் போட்டால், கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஆள் காலி. ஒருநாள் மறந்துபோய்ச் சாயங்காலம் போட்டார். கொட்டாவிகூட வரவில்லை. மறுநாள் கையும் கல்லு மாதிரி நின்றது. அதே மாத்திரை, அதே வயிறு. பிறகு ஏன் இப்படி? யோசிக்க யோசிக்க வருத்தம்கூடக் கொஞ்சம் மறந்துபோனது. மனைவியையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்.

டாக்டர் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மருந்தை உடைச்சுக் கரைக்கிறதுல ஈரலுக்குப் பெரிய பங்கு. அது எந்நேரமும் ஒரே வேகத்துல ஓடாது. ரொம்ப வருஷம் குடிச்ச உடம்புல அந்த நேரக்கணக்கு குழம்பியும் போயிருக்கலாம். உங்களுக்கு அதுதானான்னு பார்த்துத்தான் சொல்லணும். ரத்தம் எடுப்போம். இனிமே மாத்திரையைச் சாயங்காலமே போடுங்க."

"அப்போ இவர் குடிக்கலையா?" என்றாள் மனைவி.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் சொன்னார்: "சாராயம் துளிகூட இல்லம்மா."



சில நாள் கழித்து, கடை திறந்ததும் அவர் பழக்கதோஷத்தில் அவள் முன் நின்று ஊதினார். தலை தெளிவாக இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இழுப்பறைச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாயை மூடுங்க. கோட்டுக்கு வலது கை பாக்கி இருக்கு."

"பிசகிடுச்சுன்னா?"

"கோட்டுக்காரர்கிட்ட ரெண்டு பேருமாச் சேர்ந்து திட்டு வாங்குவோம்."

அவர் துணியை விரித்தார். அவள் மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிஷினை மிதித்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.